தொழிற்சங்கத் தேர்தல்களில் வேட்பாளர் தகுதி விதிகள்: அமெரிக்க வழக்குகள்

தொழிற்சங்கத் தேர்தலில் எந்த உறுப்பினர் போட்டியிடலாம், எவர் போட்டியிட முடியாது என்பதை வரையறுக்கும் சங்க விதிகள் வேட்பாளர் தகுதி விதிகள் எனப்படுகின்றன. குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருத்தல், சந்தா பாக்கி இல்லாதிருத்தல், கூட்டங்களுக்கு வருதல், முன்னர் ஒரு பதவி வகித்திருத்தல் போன்றவை இவற்றுள் அடங்கும். பார்வைக்கு இவை எளிய ஒழுங்குமுறைகளாகவே தோன்றும். ஆனால் வாக்களிக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்து, போட்டியிடும் தகுதி மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே இருந்தால், அந்த வாக்குரிமையால் பெரிய பயன் விளைவதில்லை. இதன் காரணமாகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விதிகள் பலமுறை நீதிமன்றம் ஏறின. 1968, 1977 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் இத்துறையில் வழிகாட்டிகளாகக் கருதப்படுகின்றன.

பின்னணி

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை, தொழிலாளர் துறையில் நடைபெறும் முறைகேடுகளை விசாரிக்க 1957இல் ஒரு குழுவை அமைத்தது. இதன் தலைவர் ஜான் மெக்லெல்லன். தலைமை வழக்கறிஞராக ராபர்ட் கென்னடி பணியாற்றினார். சில சங்கங்களில் நிதி கையாடப்பட்டதும், தலைவர்கள் உண்மையான போட்டியின்றிப் பதவியில் நீடித்ததும் இக்குழுவின் விசாரணையில் வெளிவந்தன. இதன் விளைவாக 1959 செப்டம்பரில் தொழிலாளர்-நிர்வாக அறிக்கை மற்றும் வெளிப்படுத்தல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதனைக் கொண்டுவந்த இரு உறுப்பினர்களின் பெயரால் லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் என்றும் இது அழைக்கப்படுகிறது.

சட்டம் கூறுவது

இச்சட்டத்தின்படி கிளைச் சங்கங்கள் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தேசிய அளவிலான சங்கங்கள் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயம் தேர்தல் நடத்த வேண்டும். கிளைச் சங்கத் தேர்தலில் வாக்கெடுப்பு இரகசியமாக நடைபெற வேண்டும்.

வேட்பாளர் தகுதி பற்றிக் கூறுவது 401(இ) பிரிவு. நன்னிலையில் உள்ள ஒவ்வொரு உறுப்பினரும் வேட்பாளராகவும் பதவி வகிக்கவும் தகுதியுடையவர் என்பது இதன் பொது விதி. சங்கத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றி, விலகாமலும் நீக்கப்படாமலும் இருப்பவரே நன்னிலை உறுப்பினர். இப்பொது விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சீராகப் பொருந்தும் "நியாயமான தகுதிகளை" சங்கம் விதித்துக்கொள்ளலாம். எது நியாயமானது என்பதைச் சட்டம் விளக்கவில்லை. வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுந்தன.

புகார் செய்யும் முறை

ஒரு விதியால் பாதிக்கப்பட்ட உறுப்பினர், நடந்து முடிந்த தேர்தலை எதிர்த்துத் தாமே நேரடியாக நீதிமன்றம் செல்ல முடியாது. முதலில் சங்கத்திற்குள்ளேயே முறையிட வேண்டும். அங்குத் தீர்வு கிடைக்காவிட்டாலோ, 3 மாதங்களாகியும் முடிவு வராவிட்டாலோ, அடுத்த ஒரு மாதத்திற்குள் தொழிலாளர் துறைச் செயலரிடம் புகார் அளிக்க வேண்டும். அமெரிக்காவில் துறைச் செயலர் என்பவர் நம் நாட்டு அமைச்சருக்கு இணையானவர். அவர் விசாரணை நடத்தி, சட்டம் மீறப்பட்டதாக நம்ப இடம் இருந்தால் 60 நாட்களுக்குள் வழக்குத் தொடர்வார். மீறல் நிகழ்ந்தது என்பதோடு, அது முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் நீதிமன்றம் கண்டால், அத்தேர்தலை ரத்து செய்து, செயலரின் மேற்பார்வையில் புதிய தேர்தல் நடத்த உத்தரவிடும்.

இவ்வழக்குகளின் பெயர்களில் விர்ட்ஸ், உசரி என்ற பெயர்கள் வருவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் புகார் செய்த தொழிலாளர்கள் அல்லர். அந்தந்தக் காலத்தில் தொழிலாளர் துறைச் செயலர்களாக இருந்தவர்கள்.

இந்த நடைமுறையை 1964இல் கல்ஹூன் எதிர் ஹார்வி வழக்கு உறுதிப்படுத்தியது. அது கப்பல் பொறியாளர் சங்கம் ஒன்றைப் பற்றியது. அச்சங்கத்தில் ஓர் உறுப்பினர் தம்மை மட்டுமே வேட்பாளராக முன்மொழிய முடியும். 5 ஆண்டுகள் உறுப்பினராக இருந்திருப்பதுடன், முந்தைய 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகளிலாவது ஆண்டுக்கு 180 நாட்கள் கடற்பணி செய்திருக்கவும் வேண்டும். உறுப்பினர்கள் சிலர் இதை எதிர்த்து நேரடியாக வழக்குத் தொடுத்தனர். தகுதி விதி பற்றிய குறைகள் செயலர் வழியாகவே வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கண்ணாடிப் புட்டித் தொழிலாளர் வழக்கு (1968)

கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிலாளர்களின் 153ஆம் எண் கிளைச் சங்கத்தில், தேர்தலுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் நடைபெற்ற கூட்டங்களில் 75 விழுக்காட்டுக்கு வந்தவர் மட்டுமே போட்டியிடலாம் என்று விதி இருந்தது. 1963 அக்டோபர் தேர்தலின்போது சுமார் 500 உறுப்பினர்களில் 11 பேர் மட்டுமே இத்தகுதியைப் பெற்றிருந்தனர்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1965இல் அடுத்த தேர்தலும் வந்து முடிந்துவிட்டது. பழைய தேர்தலைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை என மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. உச்ச நீதிமன்றம் 1968 ஜனவரியில் இதை மாற்றியது. முறையற்ற தேர்தலில் வென்றவர்களே மேற்பார்வையின்றி நடத்தும் அடுத்த தேர்தல், முந்தைய குறையைத் தீர்த்துவிடாது என்று அது விளக்கியது. வழக்கை இழுத்தடித்தே தப்பிக்கும் வழி இத்தீர்ப்பால் அடைபட்டது.

விடுதித் தொழிலாளர் வழக்கு (1968)

நியூயார்க் நகரின் விடுதி, உணவகத் தொழிலாளர்களின் 6ஆம் எண் கிளைச் சங்கத்தில் சுமார் 27,000 உறுப்பினர்கள் இருந்தனர். தேர்ந்தெடுக்கப்படும் பதவி ஒன்றை ஏற்கெனவே வகித்தவர் அல்லது அப்போது வகிப்பவர் மட்டுமே முக்கியப் பதவிகளுக்குப் போட்டியிடலாம் என்று அதன் துணைவிதி கூறியது. இதன்படி 1965 மே மாதத் தேர்தலில் தகுதி பெற்றவர்கள் 1,725 பேர் மட்டுமே. உறுப்பினர்களில் 93 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விலக்கப்பட்டனர்.

இவ்வளவு பெரிய சங்கத்தை நடத்த அனுபவம் உள்ளவர்கள் தேவை என்று சங்கத்தின் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அனுபவம் வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் எவர் தகுதியானவர் என்பதை அறிந்து வாக்களிக்கும் திறன் உறுப்பினர்களுக்கு உண்டு என்பதே இச்சட்டத்தின் அடிப்படை. நாட்டின் அரசியல் தேர்தல்களை முன்மாதிரியாகக் கொண்டே நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது. அங்கெல்லாம் முன்பு பதவி வகித்தவரே போட்டியிடலாம் என்ற நிபந்தனை பொதுவாகக் கிடையாது.

எதிரணி பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றதால் விதி முடிவைப் பாதிக்கவில்லை என்ற வாதமும் நிற்கவில்லை. தடுக்கப்பட்டவர்கள் போட்டியிட்டிருந்தால் எத்தனை வாக்குகள் பெற்றிருப்பார்கள் என்பதை ஒருவராலும் கணிக்க முடியாது. ஆகவே மீறல் மெய்ப்பிக்கப்பட்டால், அது முடிவைப் பாதித்திருக்கலாம் என்றே முதலில் கொள்ள வேண்டும். பாதிக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு சங்கத்தினுடையது.

எஃகுத் தொழிலாளர் வழக்கு (1977)

இந்தியானா மாநிலத்தில் இயங்கிய எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 3489ஆம் எண் கிளையில் சுமார் 660 உறுப்பினர்கள் இருந்தனர். தேர்தலுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் நடந்த மாதக் கூட்டங்களில் பாதிக்காவது வந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வேலை நேரத்தாலோ சங்கப் பணியாலோ வர முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. 1970 தேர்தலில் 23 பேர் மட்டுமே தகுதி பெற்றனர். அவர்களில் 9 பேர் அப்போது பதவியில் இருந்த நிர்வாகிகள். எஞ்சிய 96.5 விழுக்காட்டினர் போட்டியிட இயலவில்லை.

இவ்விதியின் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். 3 ஆண்டுகளில் மாதக் கூட்டங்கள் 36. அவற்றில் பாதி 18. அதுவரை கூட்டத்திற்கே வராத ஒருவர், நிர்வாகத்தின் மீது அதிருப்தி கொண்டு போட்டியிட விரும்பினால், தேர்தலுக்கு 18 மாதங்களுக்கு முன்பே அந்த முடிவை எடுத்து, ஒரு கூட்டமும் தவறாமல் வர வேண்டும். ஆனால் தொழிலாளரின் அதிருப்தி பெரும்பாலும் தேர்தல் நெருங்கும் காலத்தில் எழும் பிரச்சினைகளால் உண்டாவது.

6 நீதிபதிகள் இவ்விதி செல்லாது என்றனர். கூட்டங்களுக்கு வருகையைக் கூட்டுவதே நோக்கம் என்று சங்கம் கூறியது. ஆனால் விதி இருந்தும் வருகை குறைவாகவே இருந்தது. பதவியில் இருப்போர் இவ்விதியைப் பயன்படுத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டதாகச் சான்று இல்லையே என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தகைய நிலை உருவாக வழிவிடும் விதிகளைத் தடுப்பதே சட்டத்தின் குறிக்கோள் என்றது.

நீதிபதி பாவெல் உள்ளிட்ட 3 பேர் மாறுபட்டனர். இவ்விதி யாரையும் நிரந்தரமாகத் தடுக்கவில்லை, கூட்டத்திற்கு வருவது எந்த உறுப்பினராலும் இயலக்கூடியது, வராமல் இருந்தது அவர்களது சொந்த முடிவு என்பது அவர்கள் கருத்து. இதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சங்கக் காரியங்களில் அக்கறை காட்டாதவர் திடீரெனத் தலைவராக வருவதைச் சங்கம் விரும்பாதது இயல்பே. இரு தரப்பின் வேறுபாடும் அளவுகோலில் உள்ளது. சிறுபான்மை நீதிபதிகள் விதியின் கடுமையைப் பார்த்தனர். பெரும்பான்மை நீதிபதிகள் விதியின் விளைவைப் பார்த்தனர்.

சட்டமே விதிக்கும் தடைகள்

சங்க விதிகள் அல்லாமல், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும் சிலரைத் தடுக்கிறது. கொள்ளை, கையாடல், கையூட்டு போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் தொடக்கத்தில் 5 ஆண்டுகளுக்குப் பதவி வகிக்க முடியாதிருந்தது. 1984இல் இக்காலம் 13 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இப்பிரிவு முதலில் கம்யூனிஸ்ட் கட்சியினரையும் தடை செய்தது. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளியும் அக்கட்சியைச் சேர்ந்தவருமான ஆர்ச்சி பிரவுன், தம் கிளைச் சங்கத்தின் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1965இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இத்தடை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஒரு பிரிவினரை விசாரணையின்றிச் சட்டம் இயற்றியே தண்டிப்பது நாடாளுமன்றத்தின் வேலை அன்று என்பது அதன் காரணம்.

இன்றைய நிலை

1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கூட்ட வருகை விதிகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகச் செல்லாதவை ஆக்கிவிடவில்லை. எத்தனை விழுக்காட்டினர் விலக்கப்பட்டால் விதி செல்லாது என்ற எல்லைக்கோட்டையும் வரையவில்லை. விதியின் தேவை, அதனால் விலக்கப்படுவோர் எண்ணிக்கை, அதை நிறைவேற்றுவதில் உள்ள சிரமம் ஆகியவற்றை ஒவ்வொரு வழக்கிலும் தொழிலாளர் துறை சேர்த்துப் பார்க்கிறது.

அத்துறையின் ஒழுங்குமுறைகளின்படி 2 ஆண்டுகள் வரை உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவாக நியாயமானது. அந்தத் தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்பதும் ஏற்கத்தக்கது. வேட்பாளரிடம் கட்டணம் வாங்குவது நியாயமற்றது. இனம், மதம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் விலக்குவதும் கூடாது.

குறைகள்

இம்முறையின் பெரிய குறை காலதாமதம். எஃகுத் தொழிலாளர் வழக்கில் தேர்தல் 1970இல் நடந்தது. இறுதித் தீர்ப்பு 1977 ஜனவரியில் வந்தது. பதவிக்காலமோ 3 ஆண்டுகள். மற்றொரு குறை, எல்லாம் செயலரின் முடிவைச் சார்ந்திருப்பது. இதைச் சற்றே தளர்த்த இரு தீர்ப்புகள் உதவின. செயலர் தொடுத்த வழக்கில் புகார் செய்த உறுப்பினரும் சேர்ந்துகொள்ளலாம் என 1972இலும், வழக்குத் தொடர மறுத்தால் செயலர் காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என 1975இலும் உச்ச நீதிமன்றம் கூறியது.

தகுதி விதிகள் தேவையற்றவை என்று இவ்வழக்குகள் எதுவும் கூறவில்லை. ஒரு விதி நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே சீராகவும் பொருந்தலாம். ஆயினும் அதன் முடிவில் 660 பேரில் 23 பேரே எஞ்சுவார்களானால், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதியை வாக்குப்பெட்டி வருவதற்கு முன்பே அந்த விதி செய்து முடித்துவிடுகிறது. ஒரு விதியை அதன் சொற்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், அது நடைமுறையில் எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இத்தீர்ப்புகள் நிலைநாட்டிய கொள்கை.