சுவரில் ஒட்டினால் கணக்கு தப்பும்

நான்காம் படிவத்தில் படித்தபோது, பள்ளியில் கொடுத்த கடிதம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தலசீமியா பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் கேட்ட கடிதம் அது. 2016 முதல் நம் நாட்டில் நான்காம் படிவ மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை நடந்து வருகிறது.

கோலா தெர்லாவில் தேயிலை வேலை முடித்து வந்திருந்த அம்மா, அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு இரத்தம் எடுக்கணும்? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க” என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் சோதனையில் என் சிவப்பணுக்கள் அளவில் சிறியவை என்று தெரிந்தது. இரும்புச் சத்து குறைந்தாலும் அப்படி இருக்கும். ஆகவே அடுத்ததாக ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை பெரும்பாலோருக்கு 3.5 விழுக்காட்டைத் தாண்டாது. எனக்கு 5.1 இருந்தது. நான் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவள், நோயாளி அல்ல. ஆனால் என்னைப் போலவே சுமக்கும் ஒருவரை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நோய் கடுமையானால் சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றியே வாழ வேண்டும்.

அந்த 5.1 எப்படிக் கிடைத்தது? இந்தக் கேள்விதான் என்னை உயிர்மருத்துவ அறிவியல் படிக்க வைத்தது.

ஹீமோகுளோபின் ஒரு புரதம். அதன் ஒவ்வொரு வகைக்கும் மின்னூட்டம் சற்றே மாறுபடும். மின்புலத்தில் விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகரும். சுவீடனின் ஆர்னே டிசெலியஸ் 1930களில் இந்த முறையை வளர்த்து, 1948இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர், அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதைப் போல நகர்வதில்லை என்று இதே வழியில் காட்டினர்.

ஆனால் அகலமான குழாயில் மின்சாரம் பாயும்போது திரவம் சூடாகி, பிரிந்தவை மீண்டும் கலக்கும். 1981இல் அமெரிக்காவில் ஜோர்கென்சன், லுகாக்ஸ் இருவரும் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள, ஏறத்தாழ முடியளவு மெல்லிய கண்ணாடி நுண்குழாயைப் பயன்படுத்தினர். வெப்பம் உடனே வெளியேறியது. பிரிப்பும் துல்லியமானது.

அடுத்த தொல்லை குழாயின் சுவரில் இருந்தது. சிலிக்கா சுவர் நீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும். புரதத்தின் நேர்மின்னூட்டப் பகுதிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பாருங்கள்: மெருகு பூசாத மண்குவளையில் தேநீர் ஊற்றினால் கறை ஊறிவிடும், எனாமல் குவளையைக் கழுவினால் போய்விடும். புரதமும் சுவரில் ஒட்டினால் தாமதமாக வரும், குறைவாகவும் வரும். அளவு தப்பிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் கருவி, பி.எச். 9.4 அளவுள்ள காரக் கரைசலைப் பயன்படுத்துகிறது. அதில் ஹீமோகுளோபினும் எதிர்மின்னூட்டம் பெறுவதால் சுவர் அதை விலக்குகிறது. எல்லாப் புரதங்களுக்கும் இந்த வழி பொருந்தாது. அங்கேதான் பூச்சு உதவுகிறது. டிசெலியஸின் மாணவர் ஸ்டெல்லான் யெர்த்தேன், 1985இல் குழாயின் உட்சுவரில் பாலிஅக்ரிலமைடு என்ற பொருளை மெல்லிய படலமாக வேதிப்பிணைப்பால் பொருத்தினார். புரதம் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. சுவரின் மின்னூட்டத்தால் திரவம் தானாக ஓடுவதும் அடங்கியது. புற்றுநோய்க்குத் தரும் எதிர்ப்புரத மருந்துகளின் தரத்தை இன்று பூச்சிட்ட நுண்குழாய்களில் சோதிக்கிறார்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நுண்குழாய்க்குள் செல்வது நானோலிட்டர் அளவு மாதிரிதான். பிரித்து அளக்க அது போதும். மருந்துக்காகப் புரதத்தைத் தூய்மைப்படுத்த மணிகள் நிரப்பிய பெரிய குழாய்கள் வேண்டும். அங்கே வேண்டிய புரதத்தை மணிகளில் ஒட்டவைத்து, பிறகு உப்புக் கரைசலால் கழற்றி எடுப்பார்கள். ஓரிடத்தில் தொல்லையாக இருக்கும் ஒட்டுதல் இன்னோரிடத்தில் வேலைக்கு உதவுகிறது.

நம் நாட்டுக்கு இந்தத் துல்லியம் மிகவும் தேவை. இங்கே ஹீமோகுளோபின் இ என்ற வகை பரவலாக உள்ளது. வழக்கமான திரவ நிறப்பிரிகை முறையில் இ, ஏ2 இரண்டும் ஒன்றாகவே வெளிவரும். நுண்குழாயில் தனித்தனியே தெரியும். பெற்றோரில் ஒருவரிடம் இ, மற்றவரிடம் பீட்டா தலசீமியா இருந்தாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம்.

என் முடிவு வந்த பிறகு அம்மாவும் அப்பாவும் பரிசோதித்துக்கொண்டார்கள். சுமப்பவர் அம்மாதான். “இத்தனை வருசம் மேட்டுல ஏறி இறங்கினேன், ஒன்னுமே தெரியலையே” என்றார். சுமப்பவர்களில் பலர் அப்படித்தான், நலமாகவே இருப்பார்கள்.

தம்பி இந்த ஆண்டு நான்காம் படிவம். அவனும் சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு. கடிதம் வந்த அன்றே அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் கைக்கும் அந்தக் கடிதம் வந்தால் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.