விரல் நடுங்கினால் கோபுரம் விழும்!

54 மரக்கட்டைகள், 18 அடுக்குக் கோபுரம். ஒரே கையால் கீழிருந்து ஒன்றை உருவி உச்சியில் வைக்க வேண்டும். கோபுரத்தைச் சரித்தவர் அவுட். அதுதான் ஜெங்கா!

1970-களில் கானாவில், மரமில்லில் அறுத்து வாங்கிய கட்டைகளை அடுக்கி விளையாடியது லெஸ்லி ஸ்காட்டின் குடும்பம். அதையே 1983-ல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தார் லெஸ்லி. முதலில் மிஞ்சியது கடன்தான். பிறகு விற்க முன்வந்த பெரிய நிறுவனம், பெயரை மாற்றச் சொன்னது. 'முடியாது' என்றார். சுவாஹிலியில் 'ஜெங்கா' என்றால் 'கட்டு' என்று அர்த்தம்.

சூட்சுமம் என்ன தெரியுமா? எந்த இரண்டு கட்டையும் அச்சு அசலாக ஒன்றல்ல. மயிரிழை வித்தியாசம் இருக்கும். எது தளர்வு, எது இறுக்கம் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். பாதி விரல் வித்தை, பாதி அதிர்ஷ்டம்!

அடுத்த முறை உருவும் முன் மெல்லத் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கட்டை தானே நகரும்.