வைரஸ் எல்லாருக்கும், தடுப்பூசி யாருக்கு?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி: ஒரு வைரஸ் யாருக்குச் சொந்தம்?

சிரிக்காதீங்க. 2007-இல் இந்தோனேசியா உலகத்தைப் பார்த்து இதைத்தான் கேட்டது.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பொருளாதாரம். தெருவிளக்கை எடுத்துக்கோங்க. அந்த வெளிச்சத்தில் நான் நடந்தா உங்களுக்கு வெளிச்சம் குறையாது. வரி கட்டாதவரை மட்டும் இருட்டில் நடக்கவைக்கவும் முடியாது. இதுதான் பொதுப் பண்டம். நாட்டு எல்லையைத் தாண்டியும் இப்படிப் பயன்பட்டால் அது உலகப் பொதுப் பண்டம். ஒரு புது வைரஸைப் பற்றிய தகவல் அந்த வகை. ஆனா தடுப்பூசி டோஸ் அப்படி இல்லை. எனக்குப் போட்ட டோஸ் உங்களுக்குக் கிடையாது.

இப்போ இந்தோனேசியாவுக்கு வருவோம். 1952-லிருந்து உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பு ஒன்றை நடத்துது. நாடுகள் வைரஸ் மாதிரிகளை இலவசமா அனுப்பும். ஆய்வகங்கள் தடுப்பூசிக்கு ஏற்ற வைரஸைத் தேர்ந்தெடுக்கும். கம்பெனிகள் தயாரித்து விற்கும். ஹெச்5என்1 பறவைக் காய்ச்சலில் அதிகம் பேரைப் பறிகொடுத்த நாடு இந்தோனேசியா. அதுவும் மாதிரிகளை அனுப்பிக்கிட்டுதான் இருந்தது. அப்போதான் ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் இந்தோனேசிய வைரஸை வச்சே தடுப்பூசி உருவாக்குறது தெரிஞ்சது. பெருந்தொற்று வந்தா அந்தத் தடுப்பூசி தங்களுக்குக் கிடைக்கும்னு எந்த உறுதியும் இல்லை. சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார்.

'உலகத்தையே ஆபத்தில் தள்ளுறாங்க'ன்னு விமர்சனம் வந்தது. அதிலும் நியாயம் இருக்கு. மாதிரி வராவிட்டால் வைரஸ் எப்படி மாறுதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா இந்தோனேசியா கேட்டதும் நியாயம்தான்: கொடுக்கும்போது எல்லாருக்கும் பொது, திரும்பி வரும்போது மட்டும் விலையா?

நாலு வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2011-இல் ஒரு ஒப்பந்தம் வந்தது. மாதிரியைப் பயன்படுத்தும் கம்பெனிகள் வருஷாவருஷம் பணம் தரணும், பெருந்தொற்று வந்தா தடுப்பூசியில் ஒரு பங்கை ஒதுக்கணும். ஆனா அது ஃப்ளூவுக்கு மட்டும்.

அதனால கொரோனாவில் பழைய கதைதான். 2020 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் மரபணு வரிசையை இணையத்தில் இலவசமா வெளியிட்டாங்க. தடுப்பூசி தயாரானதும் பணக்கார நாடுகள் முந்திக்கிட்டு வாங்கிக் குவிச்சன. 2021 நவம்பரில் ஒமைக்ரானைக் கண்டுபிடிச்சு உடனே சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைச்ச பரிசு, விமானத் தடை!

2025 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. அதில் சேரும் கம்பெனிகள் பெருந்தொற்றுக் காலத்தில் தயாரிப்பதில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது இலக்கு. அதில் குறைந்தது பாதி நன்கொடை. ஆனா இது நடைமுறையில் எப்படி இயங்கும் என்கிற முக்கியமான பகுதியைத் தனி இணைப்பா எழுதிக்கலாம்னு தள்ளி வச்சுட்டாங்க.

ஏழை நாட்டுக்குத் தடுப்பூசி தருவதை நாம தர்மம்னு நினைக்கிறோம். உண்மையில், அபாய மணியை முதலில் அடிக்கிறவருக்குச் சேரவேண்டிய பங்கு அது. அந்தப் பங்கு கிடைக்காதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை யார் மணி அடிப்பாங்க?

யோசிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.