சிந்திய கதிரும் புனேக் குப்பையும்

பிரெஞ்சு ஓவியர் மிய்யே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தில் மூன்று பேர். இருவர் தரையைத் தொடக் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகம் எதுவும் தெளிவாக இல்லை. தூரத்தில் மலைபோல் போர், பாரவண்டி, குதிரைமேல் கண்காணி. அறுப்பு முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ள 1554ஆம் ஆண்டு அரசாணையே ஏழைகளுக்கு இடம் கொடுத்திருந்தது. இருந்தும் பாரிஸ் விமர்சகர்கள் சிலர் மிரண்டார்கள். 1848 புரட்சியின் சூடு தணியாத காலம், பாவம்.

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தாவின் 2000ஆம் ஆண்டு ஆவணப்படம் அந்த வயலில் கிளம்பி, நகரத்தில் பிறர் எறிந்ததைப் பொறுக்குபவர்களிடம் வந்து சேர்கிறது. புனேயில் அந்தப் பயணத்தைப் பெண்களே நடந்து முடித்திருந்தார்கள். 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிரத்தின் மராத்வாடாப் பகுதி காய்ந்தபோது இங்கே பிழைக்க வந்த குடும்பங்கள் பல, அதிலும் தலித் குடும்பங்கள். காட்டு வேலை பார்த்த கை தெருத் தொட்டிக்குள் போனது. முதுகில் கோணி, காலைச் சுற்றி நாய்கள். எங்கே எது காணாமல் போனாலும் பழி இவர்கள்மேல்.

1993இல் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தின் பூர்ணிமா சிகர்மானே, லட்சுமி நாராயணன், சுமைதூக்குவோர் தலைவர் பாபா ஆடாவ் ஆகியோர் துணையோடு 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் சங்கம். சில ஆண்டுகளில் மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை கிடைத்தது. 2008இல் இதே உழைப்பாளிகளின் 'ஸ்வச்ச்' கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது.

இன்று அவர்கள் தொட்டியைத் தேடிப் போவதில்லை; வீட்டு வாசலில் மணியடிக்கிறார்கள். புடவைமேல் கோட், தள்ளுவண்டியில் ஈரக் குப்பைக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று என்று வாளிகள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். உலர் குப்பையை விற்ற காசும் அவர்களுக்கே. கோட், தள்ளுவண்டி எல்லாவற்றையும்விட இதைத்தான் பெரிய மாற்றம் என்பேன்: சிந்தியது யாருக்கு என்பதில் இப்போது வழக்கில்லை.

ஆனால் தரம் பிரிக்கும்போது முதுகு குனிந்துதான் இருக்கிறது. வாளியில் கைவிட்டால் சுற்றாமல் போட்ட நாப்கின் வரும். 2013இல் அந்த நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வையுங்கள் என்று வீடுகளிடமும் கேட்டார்கள், சிலர் வைக்கிறார்கள். மாநகராட்சி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் குப்பை அள்ளத் தனியார் வண்டிகளை விடும் பேச்சு கிளம்பும், இவர்கள் மறுபடி போராட்டத்துக்கு இறங்குவார்கள்.