பிள்ளை யார் ஜாடை?

தாராசுரத்தில் பட்டுத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில், ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் திண்ணை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, எட்டாத தரையை நோக்கி வலது காலை ஒரு தரமும் இடது காலை ஒரு தரமுமாக மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர்கள், ஏதோ விளையாடுகிறான் என்று எண்ணிப் போய்விடுவார்கள். உள்ளே அவனுடைய தாத்தா குழித்தறியில் கால் இறக்கி மிதி மிதிப்பதைக் கண்டவர்களுக்குத்தான் அந்தக் கால்களின் தாளம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அவன் என் மகன். தறியில் இருப்பவர் என் தகப்பனார்.

அவனைத் தொட்டிலில் இட்ட தினத்திலேயே எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது. "மூக்கு அப்படியே எங்க வூட்டு மூக்கு" என்று என் தாயார் முதல் பாத்தியதையைப் பதிவு செய்ய, "இருக்கட்டும் சம்பந்தியம்மா, காதைப் பாருங்க, அவங்க அம்மா வழித் தாத்தா காதுதான்" என்று அம்மாச்சி எதிர்வழக்குத் தொடுத்தார். கன்னத்துக் குழிக்கு இரு தரப்பும் உரிமை கோரின. உச்சந்தலையில் இருந்த இரட்டைச் சுழிக்கு மட்டும் உரிமை கொண்டாட யாரும் முன்வரவில்லை. இரட்டைச் சுழிக்காரன் சேட்டைக்காரன் என்பது ஊர்ப்பேச்சு அல்லவா? இன்றைக்கும் அவன் அரிசிப் பானையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்தால், அப்பாயிக்கு அவன் அம்மா வீட்டுப் பிள்ளை. அம்மாச்சிக்கோ சந்தேகமில்லாமல் அப்பன் வீட்டுப் பிள்ளை.

இந்தப் பாத்தியதை புதிதன்று. நம் பாஷையிலேயே ஊறிப்போனது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் ஆகையால்தான் அவன் பெயரன். அதுவே வழக்கில் பேரன் ஆயிற்று. எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராஜராஜனுடைய வம்சத்திலும் இதே நியாயந்தான் நடந்தது. சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவராகத் தரித்து வந்தபடியால், விக்கிரம சோழனின் பரகேசரிப் பட்டம் அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கனைத் தாண்டி, பேரன் இராஜராஜனிடமே வந்து சேர்ந்தது.

பட்டத்தைப் போல மூக்கும் காதும் முறைவைத்து வருவதில்லை என்பதுதான் சங்கடம். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று 46 குரோமோசோம்கள் குழந்தைக்குக் கிடைக்கின்றன. ஆனால் தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்த சரக்கில் எந்தத் துண்டு இந்தப் பிள்ளைக்கு, எந்தத் துண்டு அடுத்த பிள்ளைக்கு என்பதை ஒவ்வொரு கர்ப்பத்திலும் இயற்கை சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தீர்மானிப்பதால், ஒரே வயிற்றில் பிறந்தவர்களிடையேகூட அத்தனை வேற்றுமை உண்டாகிறது. முகத்தின் அமைப்பை ஏராளமான மரபணுக்கள் கூடி உருவாக்குகின்றனவே தவிர, மூக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டா கிடையாது. தலைச்சுழியோ கருவிலேயே விழுந்துவிடுகிறது; அதற்கும் அரிசிப் பானைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

எங்கள் பையன் எதையும் இடது கையாலேயே எடுப்பான். சோறு பிசைந்து வைத்தால் நொட்டாங்கை நீளும். "சோத்தாங்கை, சோத்தாங்கை" என்று அப்பாயி கையை மாற்றிவிடுவார். அவர் கண் அப்பால் திரும்பியதும் கவளம் மறுபடியும் பழைய கைக்கே வந்துவிடும். இவ்விஷயத்தை ஆராய்ந்த தகப்பனார்களுள் பிரசித்தமானவர் சார்லஸ் டார்வின். 1839இல் பிறந்த தம் மூத்த மகனின் செய்கைகளை அவ்வப்போது குறித்து வைத்துக்கொண்ட அவர், 77ஆம் நாளில் பிள்ளை பால் புட்டியை வலது கையால் பற்றியதையும், இடது கை அந்த வித்தையைக் கற்க மேலும் ஒரு வாரம் ஆனதையும், அப்படியிருந்தும் பிற்பாடு அவன் இடதுகைக்காரனாகவே வளர்ந்ததையும் எழுதி, பாட்டனாரும் தாயாரும் ஒரு சகோதரனும் இடதுகைக்காரர்கள் ஆகையால் இது பரம்பரையாக வந்ததே என்று முடிவு கட்டினார். என் மாமனாரும் இடது கையால் எழுதுகிறவர்தாம். இடது கை ஒரு குற்றமன்று. அதை வலுக்கட்டாயமாக மாற்றுவதில் பிரயோஜனமும் இல்லை என்று அப்பாயிக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது அவர் கவளம் உருண்டையாக இருந்தால் போதும் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

டார்வின் குறிப்பில் இன்னொரு ரஸமான செய்தியும் உண்டு. ஒரு வயது நிரம்பியபோது அந்தப் பிள்ளை ஆகாரத்துக்குத் தானாகவே ஒரு வார்த்தை கண்டுபிடித்தானாம், அது 'மம்'. கும்பகோணத்துச் சுற்றுவட்டாரத்தில் மம்மு கேட்காத குழந்தை எது? உதடு இரண்டையும் மூடித் திறந்தாலே பிறக்கிற சத்தமாகையால், பால் குடித்துப் பழகிய வாய்க்கு எல்லாத் தேசங்களிலும் அது சுலபமாக வந்துவிடுகிறது.

ஆனால் திண்ணையில் மிதி மிதிக்கும் கால்கள் பரம்பரைச் சொத்தல்ல. அது பார்த்துப் படித்த பாடம். கண்ணெதிரே நடப்பதை உடனே செய்துகாட்டுவது ஒரு நிலை; கண்டதை மனத்தில் இருத்தி, பிறகு எப்போதோ நடித்துக்காட்டுவது அதற்கு மேற்பட்ட நிலை. சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே தம் 3 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதியவர். 16 மாதப் பிராயத்து மகள், விருந்தாளியாக வந்த ஒரு சிறுவன் அடைப்புத் தொட்டிக்குள் காலை உதைத்து வீறிட்டு அழுததை வியப்போடு பார்த்திருந்துவிட்டு, மறுநாள் தானும் அதேபோல் கத்திக் காலை உதைத்தாள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். தாத்தா உறங்கும் மத்தியானத்தில், தறி நின்றிருக்கும்போது, என் மகன் கால்களை ஆட்டுவதும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

மேனாட்டார் நாட்குறிப்பு எழுதத் தொடங்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம்மவர்கள் குழந்தையின் செய்கைகளையெல்லாம் பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையில் பருவம் பிரித்துப் பாடிவிட்டார்கள். ஒரு முழங்காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலையாட்டுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வாரானை, நிலாவைக் கூப்பிடுவது அம்புலி, சிறுமியர் கட்டிய மணல் வீட்டை மிதித்துக் கலைப்பது சிற்றில். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரையில் ஒற்றைப்பட்ட மாதங்களில் இவை உள்ளிட்ட பத்துப் பருவங்களையும் வகுப்பதுண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் பிள்ளைத்தமிழ்களுள் பழமையானதாகிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை ஒட்டக்கூத்தர் பாடினார். அதில் குழந்தையாகத் தவழும் குலோத்துங்கன் வேறு யாருமல்லன், தாராசுரம் கோயிலைக் கட்டியவனின் தகப்பன்.

குழந்தையின் விசித்திரங்களைக் கண்டு ஆனந்திப்பது வேறு, அவற்றில் ஜாதகம் கணிப்பது வேறு. பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் மூன்று வயது வரை பேசவில்லை என்றும், வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் வரிசையாக அடுக்குவார் என்றும், கேட்டது கிடைக்காவிட்டால் மண்ணில் புரள்வார் என்றும் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். என் மகனும் டம்ளர்களை அடுக்குகிறான், மண்ணிலும் புரளுகிறான். இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, ராமானுஜனைச் சொல்லித் தேற்றிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுவதே விவேகம்.

போன வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போயிருந்தோம். யானையைத் தவிர நாலு கால் உள்ளதெல்லாம் அவனுக்கு 'ம்மா'. எருமையும் ம்மா, தெருநாயும் ம்மா. அறிந்த ஒரு சொல்லை அதன் எல்லைக்கு அப்பாலும் இழுத்துப் பிடிப்பது இப்பிராயத்து இயல்பு. அங்கே ஒரு சிறிய புடைப்புச் சிற்பத்தில் யானையும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. உடல் இரண்டு, தலையோ ஒன்றே. யானை உடலை என் மனைவி உள்ளங்கையால் மறைத்தாள், "ம்மா" என்றான். காளை உடலை நான் மறைத்தேன். சற்று நேரம் விழித்துவிட்டு, "ஆனை" என்றான். இருவரும் கையை எடுத்தோம். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிற்பத்தை அப்படியே விட்டு என் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டான். அப்பாயியும் அம்மாச்சியும் ஆளுக்கு ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் வழக்காடியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது பட்டது; இரண்டு சாட்சியங்களும் மெய், ஆனால் கண்ணாடியைப் பறித்த அந்தக் கை எந்தத் தரப்பின் கட்சியிலும் இல்லை.

டார்வின் தம் மகனைப் பற்றிய குறிப்புகளை அச்சில் வெளியிட்டது 1877இல். அதாவது எழுதத் தொடங்கி 37 ஆண்டுகள் கழித்து. கையில் குறிப்பு இருந்ததனால்தான் 77ஆம் நாளின் பால் புட்டி அவருக்கு மறக்கவில்லை. தறியில் நெய்த சேலைக்குக் கணக்கு எழுதுகிற வீடுகளில்கூடப் பிள்ளையின் பேச்சுக்குக் கணக்கு இல்லை. இன்னும் ஆறு மாதத்தில் எருமை எருமையாகிவிடும், ம்மா மறைந்துவிடும். ஆகையால் இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது, இன்று உங்கள் பிள்ளை சொன்ன சொல்லைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.