டயாலிசிஸ் நின்ற பிறகு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரா இருக்கிறது. மலையடிவார ஊர். அதற்கு மேலே போனக்காடு. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல தலைமுறையாக வாழ்ந்த மலை அது.

அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு பெரியவர். வயது 74. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். பல வருடமாகச் சர்க்கரை நோய். இப்போது இரண்டு சிறுநீரகங்களும் செயல் இழந்துவிட்டன.

சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது? இரத்தத்தில் சேரும் கழிவை வடிகட்டுகிறது. அதிகமான நீரையும் உப்பையும் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. அந்த வேலை நின்றால் கழிவு உடம்பிலேயே தங்கிவிடும். அப்போது ஓர் இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். அதுதான் டயாலிசிஸ். பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை செய்வார்கள். ஒரு முறைக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். டயாலிசிஸ் செய்துகொண்டு பல வருடம் வாழ்பவர்கள் உண்டு.

பெரியவருக்கு இதயமும் பலவீனம். டயாலிசிஸ் முடிந்து வந்தால் மறுநாள் முழுவதும் படுக்கைதான். எழுந்து உட்காருவதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

"போதும்மா, இனி என்னைக் கொண்டுபோக வேண்டாம்" என்கிறார் மனைவியிடம்.

மகன் கலங்குகிறான். "நிறுத்தினா நாமளே அப்பாவைக் கொன்ன மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. உயிரை எடுப்பது நோய். பலன் தராத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. உச்ச நீதிமன்றமும் 2018-ல் இதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் முடிவு பெரியவருடையதாக இருக்க வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று மருத்துவர் அவரிடமே விளக்க வேண்டும்.

காசு இல்லை என்று நிறுத்துவது வேறு விஷயம். அது நோயாளியின் விருப்பம் ஆகாது. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் தரும் மத்திய அரசுத் திட்டம் 2016-ல் வந்தது. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

டயாலிசிஸ் நின்றால் சிகிச்சையும் நின்றுவிடுமா? இல்லை. நோயைக் குணமாக்க முடியாதபோது நோயாளியின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. கேரளத்தில் எல்லோரும் அதைப் 'பாலியேட்டிவ்' என்றே சொல்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் இதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். விவரம் வேண்டுமானால் ஆஷா பணியாளரிடம் கேட்கலாம். பஞ்சாயத்து அலுவலகத்திலும், அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம்.

நர்ஸ் வந்து என்ன செய்வார்?

சிறுநீரக நோயில் அரிப்பு பெரிய தொல்லை. இரவெல்லாம் சொறிந்து தோல் புண்ணாகிவிடும். நகத்தை வெட்டிவிடச் சொல்வார். குளித்ததும் தோல் காயாமல் எண்ணெய் தடவச் சொல்வார். அதிலும் அடங்காவிட்டால் மாத்திரை உண்டு. மூச்சு வாங்கினால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். முகத்தில் காற்றுப் படும்படி விசிறலாம்.

வலிக்கு மட்டும் கடையில் மாத்திரை வாங்கித் தரக் கூடாது. கடுமையான வலிக்கு மார்ஃபின் நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீரகம் கெட்டவர் உடம்பில் அது வெளியேறாமல் சேரும். மயக்கம் வரும், கை கால் வெட்டும். அதனால் மருத்துவர் வேறு மருந்து தருவார். அல்லது அளவைக் குறைத்துத் தருவார்.

பெரியவருக்கு இளநீர் மேல் ஆசை.

"சிஸ்டர், இத்தனை நாள் இளநீர் கூடாதுன்னு சொன்னாங்க. இப்போ கேக்குறாரு. குடுக்கலாமா?" என்று மனைவி கேட்கிறார்.

இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். அது இரத்தத்தில் கூடினால் இதயத்தைத் தாக்கும். அதனால்தான் முன்பு தடுத்தார்கள். நர்ஸ் மருத்துவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறார்: "இரண்டு மூன்று கரண்டி கொடுங்க அம்மா. நிறைய வேண்டாம், மூச்சு வாங்கும். ஆசைக்கு நாக்கில் படட்டும்."

தாகத்துக்கு வாயை அடிக்கடி கொப்பளிக்கலாம். சிறு ஐஸ் துண்டை வாயில் வைக்கலாம். பசி இல்லை என்றால் சோற்றைத் திணிக்கக் கூடாது. சாப்பிடாததால் சாகிறார் என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி இல்லை. உடம்புதான் உணவை வேண்டாம் என்கிறது.

எத்தனை நாள் இருப்பார்? சிறுநீரே வராதவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் இருப்பார்கள். சிறுநீர் கொஞ்சம் வந்தால் இன்னும் அதிக நாள் இருக்கலாம். கழிவு கூடக் கூடத் தூக்கம் அதிகமாகும். பலர் அந்தத் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். அதனால் பேச வேண்டியதை முன்பே பேசிவிடுவது நல்லது. யாரைப் பார்க்க ஆசை, கடன் யாருக்கு, எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கலாம். கேட்டால் மனம் உடைந்துவிடும் என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நோயாளியோ, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்.

காரியம் முடிந்த பிறகும் நர்ஸ் ஒரு நாள் வருவார். மீதி வலி மருந்து இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வார். "நீங்க சாப்பிட்டீங்களா அம்மா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பார்.