உள்ளங்கையில் ஒரு முழு நாய்

பிறந்த அன்று தராசில் இட்டு நிறுத்தால், சிவாவா நாய்க்குட்டியொன்றின் நிறை பெரும்பாலும் 100 முதல் 150 கிராம் வரையே இருக்கும். நன்கு விளைந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழமொன்று அதனிலும் பாரமானது. வளர்ந்து முதிர்ந்த பின்னரும் இந்நாய் 6 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்கன் கெனல் கிளப் வகுத்துள்ள விதி. ஐரோப்பாவில் வழங்கும் சர்வதேச விதியோ ஒன்றரைக் கிலோகிராமுக்கும் மூன்று கிலோகிராமுக்கும் இடைப்பட்ட நிறையே சிறந்ததெனக் கூறுகின்றது. முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட நாயினங்கள் அனைத்தினுள்ளும் மிகச் சிறியது இதுவே.

இத்துணைச் சிறிய உருவத்தை முதன்முதற் காண்பவர் உள்ளத்தே, இது நாய்தானா அல்லது விளையாட்டுப் பொம்மையா என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆயின் இந்நாய்க்கு நேரும் துன்பங்களிற் பெரும்பாலானவை அவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

ஆப்பிள் பழத்தை ஒத்து உருண்டு மேலெழுந்த தலை, முகத்தின் அளவுக்கு மிஞ்சி விரிந்து நிற்கும் செவிகள், பெரிய வட்டக் கண்கள், குறுகிய மூக்கு, மெலிந்த கால்கள் என்பன இதன் அடையாளங்கள். உரோமத்தைப் பொறுத்தமட்டில் இருவகை உண்டு: வழுவழுப்பான குறுமயிர் உடையது ஒன்று, செவியோரத்திலும் வாலிலும் குஞ்சம்போல் நீண்ட மயிர் தொங்குவது மற்றொன்று. 1952இலிருந்து அமெரிக்காவில் இவ்விரண்டும் கண்காட்சிகளில் வெவ்வேறு பிரிவுகளாக மதிப்பிடப்பட்டு வருகின்றன. நிறமோ பெரும்பாலும் எதுவாயினும் ஆகலாம்.

சிவாவா என்பது உண்மையில் ஓர் இடத்தின் பெயர். மெக்சிக்கோ நாட்டின் வடபால், ஐக்கிய அமெரிக்காவின் எல்லையைத் தொட்டுக் கிடக்கும் மாநிலம் அது. 1884ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரிலிருந்து சிவாவாவின் ஊடாக எல்லைவரை புகையிரதப் பாதை அமைந்து முடிந்தது. அக்காலத்தை ஒட்டி எல்லைப்புறத்துக்கு வந்த அமெரிக்கப் பிரயாணிகளுக்கு, உள்ளூர் வியாபாரிகள் சின்னஞ்சிறு நாய்களை விற்கலாயினர். வாங்கியவர்கள் தாம் வாங்கிய இடத்தின் பெயரையே நாய்க்கும் இட்டு அழைத்தனர். இவ்வாறு ஒரு சந்தையின் பெயர் ஓரினத்தின் பெயராக நிலைத்துவிட்டது. 1908ஆம் ஆண்டளவில் இவ்வினம் அமெரிக்கப் பதிவேட்டில் இடம்பெற்றது. 1923இல் இதற்கெனத் தனிச் சங்கமொன்றும் அங்கே தோன்றிற்று.

அதற்கு முந்திய வரலாறு இன்னும் சுவையானது. ஆயின் சற்று விழிப்போடு கேட்க வேண்டியதும் ஆகும். மெக்சிக்கோவின் மேற்குக் கரையை அடுத்த கொலீமாப் பகுதியில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளிலிருந்து செந்நிறக் களிமண் நாய்ச் சிலைகள் பல வெளிப்பட்டுள்ளன. குட்டைக் கால்களும் பருத்த வயிறும் உடைய அந்நாய்கள், இறந்தோருக்குத் துணையாக வைக்கப்பட்டவை. இறந்தவனுடைய உயிர் மறுவுலகத்து ஆற்றைக் கடக்க ஒரு நாயே துணை நிற்கும் என்பது அஸ்டெக் மக்களின் நம்பிக்கை. அதே மக்கள் நாயை உணவாகவும் கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த டியேகோ டுரான் என்னும் பாதிரியார், அக்கொல்மான் என்ற ஊரின் சந்தையில் ஒரே நாளில் 400க்கு மேற்பட்ட நாய்கள் விலைப்பட நின்றதைத் தாம் கண்டதாக எழுதிவைத்துள்ளார். அவருடைய காலத்தவரான பெர்னார்டினோ டி சகாகுன் என்பவரும், உயரம் குறைந்து உருண்டிருந்த ஒருவகை நாயைத் தம் பெருநூலிலே குறித்துள்ளார்.

இக்குறிப்புகளைக் கொண்டு, இன்றைய சிவாவா அஸ்டெக் அரண்மனை நாயின் நேர் வழித்தோன்றல் என்று நாய் விற்போர் சொல்வதுண்டு. விஞ்ஞானம் அத்துணை எளிதாக இதற்கு இணங்கவில்லை. பண்டைய அமெரிக்க நாய்களின் எலும்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஐரோப்பியர் வந்தேறிய பின்னர் அந்நாய்களின் பரம்பரை ஏறத்தாழ முற்றாகவே அழிந்துபோயிற்று என்று காட்டியது. எனினும் கதை அவ்வளவில் முடிந்துவிடவில்லை. தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் இழைமணிப் பரம்பரைப் பொருளை ஆராய்ந்து 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, இன்றைய சிவாவாக்களுட் சிலவற்றில் அப்பழைய நாய்களின் தாய்வழிச் சுவடு இன்னும் எஞ்சி நிற்பதை எடுத்துக்காட்டியது. ஆகவே இந்நாயின் உடலிலே பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. ஒரு மெல்லிய இழை மட்டும் பண்டைய மெக்சிக்கோவுக்கு உரியது. அரண்மனைக் கதையைவிட இந்த உண்மை வியப்பிற் குறைந்ததன்று.

இனி, இந்நாய் இவ்வளவு சிறுத்தது எவ்வாறு? இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்றொரு பொருள் விலங்குகளின் குருதியில் உண்டு. குட்டி எவ்வளவு வளரவேண்டும் என்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதனை ஆளும் பரம்பரையலகின் ஒரே வடிவம் சிறிய நாயினங்களிற் பரந்து காணப்படுவதையும், பேருருவ இனங்களில் அது அநேகமாக இல்லாதிருப்பதையும் 2007இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதன் நாய்களைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தமையால் அண்மைக்காலத்தில் உண்டான மாற்றம் இது என்றே பலரும் கருதினர். ஆனால் 2022இல் வெளியான ஆய்வொன்று, 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயொன்றின் எலும்பிலும் இச்சிறுமைக்குரிய வடிவம் இருந்ததைக் கண்டுபிடித்தது. நாய் என்ற பிராணி தோன்றுமுன்னரே, குறுகுதற்கான வித்து ஓநாயின் குருதியிற் கிடந்திருக்கின்றது. மனிதன் அதைப் படைக்கவில்லை, பொறுக்கியெடுத்தான்.

உருவம் குறுகியபோது ஏனைய யாவும் அதே விகிதத்திற் குறுகிவிடுவதில்லை. ஓர் உடலின் நீளம் பாதியானால், அதன் மேற்பரப்பு நாலிலொன்றாகவும் கனவளவு எட்டிலொன்றாகவும் குறையும். அதாவது, உள்ளே வெப்பத்தைப் பிறப்பிக்கும் தசை மிகக் குறைந்துவிட, வெப்பம் வெளியேறும் தோல் அந்த அளவுக்குக் குறையாது நிற்கும். ஆகவே சிறிய நாய் விரைவிற் குளிர்ந்துபோகும். குளிரை ஈடுசெய்ய இடைவிடாது உணவை எரித்துக்கொண்டும் இருக்கும். சிவாவா நடுங்குவதைக் கண்டு சிலர் சிரிப்பர், சிலர் அஞ்சுவர். குளிராலும் அது நடுங்கும். அச்சத்தாலும், மகிழ்ச்சி மிகுதியாலும் நடுங்கும். ஆனால் குட்டியொன்று நடுங்குமிடத்து, நகைப்பதற்கு முன் அது கடைசியாக உண்டது எப்பொழுது என்று கேட்பதே அறிவுடைமை.

ஏனெனில் மூன்று நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டியின் ஈரலில் சேமித்துவைக்கக்கூடிய சீனிச்சத்து மிகச் சொற்பம். ஒருவேளை உணவு தவறினாலும், புது வீட்டுக்கு வந்த கலக்கத்தில் அது உண்ண மறுத்தாலும், குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு சடுதியாக வீழ்ந்துவிடும். முதலிற் குட்டி சோர்ந்து தூங்குவதுபோற் கிடக்கும், எழுப்பினால் தள்ளாடும், ஈறு வெளுத்து உடல் குளிரும், பின்னர் வலிப்புக் காணும். களைத்து உறங்குகிறது என்று வீட்டார் விட்டுவிடும் அந்தச் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடுவதும் உண்டு. அவ்வேளையில் சிறிது தேனையோ சீனிப்பாகையோ விரலில் தொட்டு ஈற்றிலே தேய்த்து, உடலைத் துணியாற் சுற்றிச் சூடேற்றி, தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவிழந்த குட்டியின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயிற் புகுந்துவிடும். இவ்விடர் நேராதிருக்க வழி எளியது: இளங்குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறையேனும் சிறிது சிறிதாக உணவளித்தல்.

தலையைக் குறித்தும் ஒரு சொல். மனிதக் குழந்தைக்கு உச்சியில் மெத்தென்ற குழியொன்று உள்ளதுபோல, சிவாவாக்கள் பலவற்றுக்கும் மண்டையோட்டில் மூடாத இடைவெளி உண்டு. குழந்தைக்கு அது மூடிவிடும். இந்நாய்க்கோ ஆயுள் முழுவதும் திறந்தே இருத்தலும் கூடும். முன்னாளில் இதனைத் தூய இனத்தின் முத்திரை என்று போற்றினர். இன்றைய வைத்தியர் அவ்வாறு மகிழ்வதில்லை; அவ்விடைவெளி உள்ள நாயின் தலையில் சிறு அடியும் பேரிடராகலாம். கட்டிலிலிருந்து குதித்தலும், குழந்தையின் கையிலிருந்து நழுவுதலும் பெரிய நாய்க்கு ஒரு பொருட்டல்ல. இதற்கோ அது ஒரு மாடியிலிருந்து வீழ்வதற்கு ஒப்பானது. முழங்காற் சில்லு இடம் விலகுதலும் இவ்வினத்திற் பரவலாக உள்ள குறை. கழுத்துப் பட்டியிற் கயிறு பூட்டி இழுத்தால் மென்மையான மூச்சுக்குழாய் நசியும் என்பதால், மார்பைச் சுற்றிக் கட்டும் வாரையே பாவித்தல் நன்று.

இவையெல்லாம் இருக்க, பிரித்தானியாவில் 2020இல் வெளியான பேராய்வொன்றில், சிவாவாக்களை வைத்தியரிடம் கொண்டுவந்த நோய்களுள் முதலிடம் பெற்றது ஈறு நோய். அடுத்து நின்றது உடற்பருமன். சிறிய தாடையிற் பற்கள் நெருங்கி முளைப்பதால் அழுக்குத் தங்குகின்றது. பருமனுக்கோ காரணம் அன்பு. மேசையில் அமர்ந்திருப்போர் ஐவரும் ஆளுக்கொரு துண்டு ஊட்டினால், அந்த ஐந்து துண்டும் இதற்கு ஒருநாள் உணவாகிவிடும்.

குணத்தைப் பற்றி மக்களிடையே நிலவும் அபிப்பிராயம் நல்லதாக இல்லை. குரைப்பது, சினப்பது, கடிப்பது என்பன இதன்மேற் சுமத்தப்படும் குற்றங்கள். அவை முழுப்பொய்யும் அல்ல. ஆயினும் அந்நாயின் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் வருகிறார், உயரத்திலிருந்து குனிகிறார், கேளாமலே தூக்கிவிடுகிறார். நாய் செவியைப் பின்னே மடிக்கின்றது, முகத்தைத் திருப்புகின்றது, உதட்டை நக்குகின்றது. எவரும் கவனிப்பதில்லை. பின்னர் உறுமுகின்றது, கூடியிருப்போர் அதனை வேடிக்கையென்று சிரிக்கின்றனர். இறுதியாகக் கடிக்கின்றது, பொல்லாத நாய் என்று பெயர் பெறுகின்றது. இதனையே அல்சேஷன் நாயொன்று செய்திருப்பின், முதல் உறுமலிலேயே அனைவரும் விலகியிருப்பர். மெல்லிய அறிகுறிகள் பயனற்றவை என்ற பாடத்தை மனிதரே இதற்குக் கற்பிக்கின்றனர்.

பழக்கினால் இந்நாய் இருக்கவும், வரவும், காத்திருக்கவும் எளிதிற் கற்றுக்கொள்ளும், கூர்மையான புத்தியுடையது. தன் காலால் நடந்து மண்ணை மோந்து திரிய விடப்பட்ட சிவாவா, எந்நேரமும் கையிலும் பையிலும் சுமக்கப்பட்டதைவிட அச்சமற்றதாக வளர்கின்றது. நன்கு பேணப்பட்டவை பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் வாழ்தலும் உண்டு. அழகுக்காக வாங்குவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. திரைப்படங்களிலும் நடிகையரின் கைப்பைகளிலும் இந்நாயைக் கண்டு பலர் வாங்கியதன் விளைவு, 2009ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் காப்பகத்தில் இருந்த நாய்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கைவிடப்பட்ட சிவாவாக்கள். அவற்றுட் சில, இடம்தேடி விமானமேற்றப்பட்டு நாட்டின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டன.

தேநீர்க் கோப்பை நாய் என்று கூறி, இயல்பிலும் சிறியவற்றை மிகுந்த விலைக்கு விற்போரும் உளர். அப்படியோர் இனம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஈற்றிலே நலிந்து பிறந்த குட்டியையும், வயது நிரம்புமுன் தாயிடமிருந்து பிரித்த குட்டியையும் அப்பெயரால் விற்பதும் நிகழ்கின்றது. வாங்க விரும்புவோர் தாய்நாயைப் பார்க்கக் கேட்கலாம்; குட்டிக்கு எத்தனை வாரம் என்று வினவலாம்; அது தானே தட்டுக்கு நடந்துசென்று உண்பதைக் கண்ணாற் காணலாம். தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்கால்களின் கீழும் இருக்க வேண்டும். அதற்கு முன், தரையில் அமர்ந்து கையை நீட்டி, குட்டி தானாக வந்து மோந்து பார்க்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.